கோப்பு மேசைக்கு வருமுன்

"பெரும் பணக்காரர்களின் அறக்கட்டளைகள் எந்தக் கட்சிக்கும் பணம் தருவதில்லை, தேர்தலில் நிற்பதில்லை. பள்ளிக்கூடம், தடுப்பூசி, விதை என்றுதான் செலவழிக்கின்றன. அவை அரசியலை ஆட்டுவிக்கின்றன என்பது சதிக்கதைதானே?" இதுதான் கேள்வி.

இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. நடப்பதெல்லாம் பெரும்பாலும் வெளிப்படையாகவே நடக்கிறது, ஆண்டறிக்கையிலேயே அச்சாகிறது. அமைச்சரவையோ சட்டமன்றமோ ஒரு விஷயத்தைப் பேச உட்காரும்போது, அது குறித்த ஆய்வறிக்கை, அதை விளக்க நிபுணர்கள், ஏற்கெனவே நடத்திக் காட்டிய ஒரு மாவட்டம், அந்த மாவட்டத்தின் புள்ளிவிவரம் எல்லாம் ஒரு தரப்பிடம் தயாராக இருக்கும். மாற்று யோசனை உள்ளவர்களிடம் யோசனை மட்டும்தான் இருக்கும். பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் விழுந்ததை வேண்டாம் என்று ஒதுக்கலாம். என்ன சமைப்பது என்பது அதற்கு வெகுநேரம் முன்பே அடுப்படியில் முடிவாகியிருக்கும். அறக்கட்டளைகளின் செல்வாக்கு அந்த அடுப்படியில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு இன்றைய வடிவில் வளர்ந்தது அமெரிக்காவில். அங்கேயே தொடக்கத்தில் மக்கள் பிரதிநிதிகள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1910இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் தரப்பு தங்கள் அறக்கட்டளைக்கு நாடாளுமன்றத்தின் சாசனம் கேட்டது. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகும் கிடைக்காமல், 1913இல் நியூயார்க் மாநிலத்தில் பதிவு செய்துகொண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரக் குடியிருப்பு தாக்கப்பட்டு எரிந்தது. கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். சுரங்க நிறுவனம் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. சில மாதங்களில் அறக்கட்டளை, தொழிலுறவுகளை ஆராய்வதற்கென்று கனடாவின் முன்னாள் தொழிலாளர் அமைச்சர் மெக்கன்ஸி கிங்கை அமர்த்தியது. சுரங்க முதலாளியின் அறக்கட்டளை, அந்த முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்கை "ஆராய்கிறது". ஃப்ராங்க் வால்ஷ் தலைமையிலான அரசு ஆணையம் 1915இல் இளைய ராக்ஃபெல்லரை வரவழைத்துத் துருவித் துருவிக் கேட்டது.

அந்த அவமானத்திலிருந்து அறக்கட்டளைகள் ஒரு பாடம் கற்றன: சர்ச்சையான விஷயத்தில் நேரடியாகக் கைவைக்காதே, நடுவில் ஒரு சுதந்திரமான ஆய்வு நிறுவனத்தை வைத்துக் கொடு. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சிந்தனைக் குழாம்கள், கொள்கை ஆய்வு மையங்கள் என்ற வகையறா வளர்ந்ததில் இந்த எச்சரிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது அடி 1969இல் விழுந்தது. 1967இல் கிளீவ்லாந்து நகரில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணிக்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதி கொடுத்தது. அந்த ஆண்டே கறுப்பினத்தவரான கார்ல் ஸ்டோக்ஸ் அந்நகரின் மேயராக வென்றார். 1968இல் அதிபர் பதவிக்கு முயன்றுகொண்டிருந்த ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய உதவியாளர்கள் 8 பேருக்கு அதே அறக்கட்டளை உதவித்தொகை வழங்கியது. வாக்காளர் பதிவு என்பது என் பார்வையில் போற்றத்தக்க வேலை. ஆனால் வரிவிலக்குப் பெற்ற பணம் ஒரு தேர்தலின் போக்கைத் தொட்டது என்ற கோபம் நாடாளுமன்றத்தில் வெடித்தது. 1969 வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டது. குறிப்பிட்ட மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ ஆள்பிடிக்கக் கூடாது, வேட்பாளருக்கு வேலை செய்யக் கூடாது, ஆண்டுதோறும் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தாக வேண்டும் (இப்போது சொத்தில் சுமார் 5 சதவீதம்) என்று விதிகள் வந்தன.

அந்தச் சட்டத்தில் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன. கட்சி சார்பற்ற ஆய்வுக்குத் தடையில்லை. அரசு அமைப்பு எழுத்துமூலம் கேட்டால் தொழில்நுட்ப ஆலோசனை தரலாம். "இந்த மசோதாவுக்கு வாக்களியுங்கள்" என்று சொன்னால் குற்றம். அந்த மசோதா ஏன் தேவை என்று 300 பக்கத்தில் ஓர் ஆய்வுக்கு நிதி கொடுத்து, அதை எழுதியவரை அரசின் அழைப்பின் பேரில் ஆலோசகராக அனுப்பினால் சேவை. இதில் சட்டமீறல் துளியும் கிடையாது.

இந்தக் கதவுகள் எவ்வளவு பெரியவை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வலதுசாரி அறக்கட்டளைகள். ரசாயனமும் தோட்டாவும் விற்றுச் சேர்த்த ஓலின் குடும்பப் பணத்தில் நடந்த ஜான் எம். ஓலின் அறக்கட்டளை, ஃபோர்டோடு ஒப்பிட்டால் சின்னது. 2005இல் பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டுக் கதவடைத்தது. அது பணம் போட்ட இடத்தைப் பாருங்கள். சட்டத்தைப் பொருளாதாரக் கண்ணோட்டத்தில் பார்க்கும் படிப்பை ஹார்வர்டு, யேல், சிகாகோ போன்ற பெரிய சட்டக் கல்லூரிகளில் ஊன்றியது. 1982இல் யேலில் சில மாணவர்கள் நடத்திய, பழமைவாதச் சட்டத்துறையினரின் சங்கமான ஃபெடரலிஸ்ட் சொசைட்டியின் முதல் மாநாட்டுக்கு உதவியது. இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மையாக உள்ள 6 பழமைவாத நீதிபதிகளும் ஏதோ ஒரு வகையில் அந்தச் சங்கத்தோடு தொடர்புள்ளவர்கள். ஹென்றி மேன் என்ற சட்டப் பேராசிரியர் 1976 முதல் பணியில் உள்ள நீதிபதிகளுக்கே பொருளாதார வகுப்பு நடத்தினார். அறக்கட்டளைகளும் பெரு நிறுவனங்களும் அதற்குப் பணம் கொடுத்தன. 1990 வாக்கில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிபதிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் அதில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களின் தீர்ப்புகளில் பொருளாதார மொழி கூடியதையும், ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு எதிரான சாய்வு வலுத்ததையும் பின்னாளைய ஆய்வாளர்கள் தீர்ப்பு வாசகங்களை வைத்தே காட்டியிருக்கிறார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. ஒரு தலைமுறை நீதிபதிகளுக்கு எது இயல்பான வாதமாகத் தோன்றும் என்பது மாறியது, அவ்வளவுதான். எனக்கு இதைவிட ஆழமான அரசியல் செல்வாக்கு எதுவும் தெரியாது.

இந்தச் செல்வாக்கு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்கப் பள்ளிப் பாடத்தரம், அதாவது எந்த வகுப்பில் மாணவர் என்ன கற்றிருக்க வேண்டும் என்ற அளவுகோல். அங்கே பள்ளிக்கல்வி மாநிலங்களின் உரிமை. நாடு முழுதுக்கும் ஒரே பாடத்தரம் கொண்டுவர முயன்ற அதிபர்கள் தோற்றிருக்கிறார்கள். 2008 கோடையில் மாநிலக் கல்வி அதிகாரிகள் சங்கத்தின் தலைவர் ஜீன் வில்ஹாய்ட்டும், டேவிட் கோல்மன் என்ற கல்வி ஆலோசகரும் சியாட்டிலுக்குப் போய் பில் கேட்ஸைச் சந்தித்து, பொதுப் பாடத்தரத்துக்கு உதவி கேட்டார்கள். சில வாரங்களில் கேட்ஸ் சம்மதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் 20 கோடி டாலருக்கு மேல் செலவானது. பாடத்தரத்தை எழுதும் அமைப்புகளுக்குப் பணம் போனது. அதை மதிப்பிடும் ஆய்வு மையங்களுக்கும் போனது. இரண்டு பெரிய ஆசிரியர் சங்கங்கள், வணிகர் கூட்டமைப்பு, இடதுசாரி, வலதுசாரி ஆய்வு மையங்கள் என்று எதிரும் புதிருமானவர்கள் எல்லோருக்கும் போனது. 2009இல் ஒபாமா அரசு "ரேஸ் டு த டாப்" என்று 400 கோடி டாலருக்கு மேற்பட்ட போட்டி நிதியை அறிவித்தபோது, மாநிலங்கள் விண்ணப்பம் எழுத ஆலோசகர்களை அமர்த்தும் செலவையும் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்தது. பொதுப் பாடத்தரத்தை ஏற்றால் அந்தப் போட்டியில் மதிப்பெண் கூடும். இறுதி வடிவம் வெளியாவதற்கு முன்பே, 2010 பிப்ரவரியில் கென்டக்கி மாநிலம் அதை ஏற்றுக்கொண்டது! இரண்டே ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன.

கல்வியாளர்கள் பாடத்தரம் நல்லதா கெட்டதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதில் சில பகுதிகள் நன்றாகவே இருந்தன. என் கவலை வேறு. எதிர்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒவ்வோர் அமைப்பும் அதே பணத்தை வாங்கியிருந்தது. விவாதம் நடந்திருக்க வேண்டிய நேரத்தில் நடக்கவில்லை. அது பெற்றோர்களின் கோபமாகப் பின்னால் வந்தது. 2014இல் இண்டியானாவும் ஓக்லஹோமாவும் விலகின. அதே ஆண்டு ஆசிரியர் சங்கங்களில் ஒன்று, தன் புத்தாக்க நிதிக்குக் கேட்ஸ் பணம் வேண்டாம் என்று அறிவித்தது.

அதே அறக்கட்டளையின் இன்னொரு கல்வித் திட்டம், ஆசிரியர்களைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மதிப்பிடுவது. மூன்று பெரிய பள்ளி மாவட்டங்களிலும் நான்கு தனியார் நிர்வாகப் பள்ளிக் குழுமங்களிலும் நடந்தது. மொத்தச் செலவு 57.5 கோடி டாலர். அதில் அறக்கட்டளையின் பங்கு சுமார் 21 கோடிதான். மீதியில் பெரும்பகுதி பொதுப்பணம். மாணவர்களின் தேர்ச்சியில் எதிர்பார்த்த முன்னேற்றம் எதுவும் இல்லை என்று 2018இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு சொன்னது. அந்த மதிப்பீட்டுக்குப் பணம் கொடுத்ததும் கேட்ஸ் அறக்கட்டளைதான், அதை மறைக்காமல் வெளியிட்டதற்கு மரியாதை உண்டு. ஆனால் ஓர் அமைச்சர் இப்படி ஒரு திட்டத்தில் தோற்றிருந்தால் சட்டமன்றத்தில் பதில் சொல்லியிருப்பார், அடுத்த தேர்தலில் மக்கள் கணக்குத் தீர்த்திருப்பார்கள். அறக்கட்டளை அடுத்த திட்டத்துக்குப் போகிறது.

இந்தியாவுக்கு வருவோம், குறிப்பாகத் தஞ்சைக்கு. ஃபோர்டு அறக்கட்டளை 1952இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அலுவலகம் அது. அழைத்தவர் நேரு. டக்ளஸ் என்ஸ்மிங்கர் என்ற கிராமச் சமூகவியலாளர் 1951 முதல் 1970 வரை அதன் இந்தியப் பிரதிநிதி. பிரதமரை நேரில் பார்த்துப் பேசும் வசதி அவருக்கு இருந்தது. சமுதாய வளர்ச்சித் திட்டம், அகமதாபாத், கல்கத்தா மேலாண்மைக் கழகங்கள், குடும்பக் கட்டுப்பாடு என்று அந்தக் காலத்துப் பெரிய முயற்சிகள் பலவற்றில் ஃபோர்டு பணமும் ஆலோசகர்களும் இருந்தார்கள்.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணையையும் தீர்மானமாக நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில், ஃபோர்டு அறக்கட்டளை ஏற்பாட்டில் வந்த அமெரிக்க வேளாண் நிபுணர் குழு தன் அறிக்கையைத் தந்தது. 1966 வாக்கில் 2.8 கோடி டன் தானியப் பற்றாக்குறை வரும், விளைச்சல் சீக்கிரம் கூடும் இடங்களில் கவனத்தைக் குவியுங்கள் என்பது அதன் சாரம். குத்தகைப் பாதுகாப்பு பற்றியும் அதில் வரிகள் இருந்தன. ஆனால் பணமும் ஆளும் போனது விதை, உரம், கடன், பூச்சிமருந்து என்ற தொகுப்பின் பின்னால். அதுதான் 1960-61இல் ஏழு மாவட்டங்களில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம். மக்கள் வாயில் "பேக்கேஜ் திட்டம்". லூதியானா, அலிகார், மேற்கு கோதாவரி ஆகியவற்றோடு சென்னை மாநிலத்திலிருந்து தேர்வானது தஞ்சாவூர்.

தேர்வு விதியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நிச்சயமான பாசனம் வேண்டும், இயற்கைச் சேதம் குறைவாக இருக்க வேண்டும், கூட்டுறவுச் சங்கம் நன்றாக நடக்க வேண்டும். கிராம சேவகர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு சாகுபடியாளருக்கும் பண்ணைத் திட்டம் எழுதுவார், அதன்படி சங்கத்தில் கடனும் உரமும் கிடைக்கும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் காவிரி டெல்டாவில் குத்தகைதாரர்களில் பெரும்பாலோரிடம் குத்தகைச் சீட்டே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. பதிவில் பேர் இல்லாதவருக்குச் சங்கக் கடன் எப்படிக் கிடைக்கும்? நிலமே இல்லாத பண்ணையாளுக்கு எந்தப் பண்ணைத் திட்டம் எழுதுவது? ஃபோர்டு அறக்கட்டளைக்கு ஆலோசகராக இருந்த நிலச்சீர்திருத்த வல்லுநர் வோல்ஃப் லடெஜின்ஸ்கியே இந்த மாவட்டங்களின் குத்தகை நிலையை ஆராய்ந்தார்; திட்டக் குழு அதை 1965இல் வெளியிட்டது. தஞ்சையில் குத்தகைச் சட்டங்கள் ஏட்டளவில் நிற்கின்றன, சட்டம் சொன்னதைவிட அதிகமாகவே வாரம் (நிலக்காரருக்குப் போகும் விளைச்சல் பங்கு) வாங்கப்படுகிறது, இந்த நிலையில் குத்தகைதாரர் எப்படி முதலீடு செய்வார் என்று அந்த ஆய்வு தெளிவாகச் சொன்னது. தொகுப்பில் அதற்கு இடம் வரவில்லை.

விளைச்சல் கூடியது, அதை மறைக்கக் கூடாது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி-27 நெல் ரகம் குறுவையில் பரவியது. ஃபோர்டும் ராக்ஃபெல்லரும் சேர்ந்து 1960இல் பிலிப்பைன்ஸில் நிறுவிய நெல் ஆராய்ச்சிக் கழகம் 1966இல் ஐஆர்-8ஐ வெளியிட்டது. கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பி வாழ்ந்த நாட்டுக்கு இந்த ரகங்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்குத் தெரியும். ஆனால் கூடுதல் விளைச்சலில் கூலிக்காரர் பங்கு கேட்டபோது நடந்தது என்ன? அதே தஞ்சை மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். இதற்கு ஃபோர்டு அறக்கட்டளை காரணம் என்று சொன்னால் அது பொய். சாதியும் நில உடைமையும் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. நான் சொல்வது இதைத்தான்: விளைச்சல் பற்றிய கேள்விக்கு நிபுணர், பணம், மாதிரி மாவட்டம் எல்லாம் கிடைத்தன. நிலமும் கூலியும் பற்றிய கேள்விக்கு அப்படி ஒரு புரவலர் கிடைக்கவில்லை. அதனால் முன்னது "கொள்கை" ஆனது, பின்னது "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" ஆனது.

அண்மைக்கால உதாரணம் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. 2009இல் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், கேட்ஸ் அறக்கட்டளை நிதியில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் 20,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த ஊசியைப் போட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசுகளும் கூட்டாளிகள். 7 சிறுமிகள் இறந்தார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து போன்றவையே காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. தடுப்பூசி நல்லது, உயிர் காப்பது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டபின் வெளிவந்தது கசப்பான செய்தி. கம்மத்தில் ஏராளமான ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும். ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் பழங்குடிக் குழந்தைகள், அரசு விடுதியில் இருந்தவர்கள். 2013 ஆகஸ்ட்டில் நாடாளுமன்ற நிலைக்குழு பாத் நிறுவனத்தையும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலையும் கடுமையாகச் சாடியது. நல்ல மருந்துக்கே இந்த நாட்டில் அவநம்பிக்கை வளர்ந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பின்னாளில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த பெண்கள்.

தடுப்பூசிக் கொள்கை குறித்து மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசியக் குழுவின் செயலக வேலையைச் சில ஆண்டுகள் பார்த்த பிரிவும் கேட்ஸ் நிதியில்தான் இயங்கியது. 2017இல் சுகாதார அமைச்சகம் அந்தப் பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சரியான முடிவு. உலக சுகாதார நிறுவனத்திலும் இதே நிலைதான். உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. 2020-21இல் ஜெர்மனிக்கு அடுத்த பெரிய நன்கொடையாளர் கேட்ஸ் அறக்கட்டளை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி இன்ன நோய்க்கு என்று முத்திரை குத்தியே வரும், அதிலும் போலியோவுக்குத்தான் அதிகம். போலியோ ஒழிய வேண்டும், ஐயமில்லை. ஆனால் ஓர் உலக அமைப்பின் அலுவலர்கள் எங்கே குவிவார்கள் என்பதைச் சியாட்டிலில் உள்ள ஓர் அலுவலகம் இந்த அளவு தீர்மானிப்பது சரியில்லை என்று உறுப்பு நாடுகளுக்கே பட்டதால்தான், 2022இல் சந்தாவைப் படிப்படியாக உயர்த்த ஒப்புக்கொண்டன.

"அப்படியானால் தடை செய்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். இதில் நான் உடன்படவில்லை. 2015இல் இந்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது, 2016இல் நீக்கியது. அந்த நடவடிக்கைக்குத் தூண்டுகோல், 2002 குஜராத் கலவர வழக்குகளை நடத்தியவர்களுக்கு அது நிதி கொடுத்தது என்ற புகார். அதாவது, ஆலோசகர்களை அனுப்பி அரசோடு சேர்ந்து கொள்கை எழுதியபோது உறுத்தாத வெளிநாட்டுப் பணம், அரசைக் கேள்வி கேட்டவர்களுக்குப் போனபோது உறுத்தியது. ஆளும் தரப்புக்குப் பிடிக்காத அறக்கட்டளையை முடக்கும் அதிகாரம் மக்களுக்கு எந்தப் பொறுப்புக்கூறலையும் தருவதில்லை. ஃபோர்டு பணம் இல்லாமல் போயிருந்தால் அமெரிக்காவில் குடிமை உரிமை வழக்குகள் பல நடந்திருக்காது. கார்னகி நிறுவனம் நிதியளித்த ஸ்வீடன் பொருளாதார அறிஞர் குன்னர் மிர்தாலின் நிறவெறி ஆய்வைத்தான் 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது. இந்த நன்மைகளும் அதே அடுப்படியில் வந்தவைதான்.

எனவே கேட்க வேண்டியது பணம் நல்லவரிடமிருந்து வந்ததா என்பதை அல்ல, அரசு தானே யோசிக்கும் திறனை வைத்திருக்கிறதா என்பதை. துறைக்குள் புள்ளிவிவரம் படிக்கத் தெரிந்த நிரந்தர ஊழியர் இருந்தால், பல்கலைக்கழகத்துக்குப் பொது நிதியில் மாற்று ஆய்வு நடத்த வழி இருந்தால், அறக்கட்டளை கொண்டுவருவது பல யோசனைகளில் ஒன்றாக நிற்கும். இவை இரண்டும் வற்றினால் அதுவே ஒரே யோசனையாகிவிடும்.

உங்கள் மாநிலத்தில் ஏதேனும் ஒரு துறை, அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து புதுத் திட்டம் அறிவித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், திரட்டும் தகவல் யாருக்குச் சொந்தம், திட்டத்தை மதிப்பிடப் போவது யார், அறக்கட்டளை விலகினால் மீதிச் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். கடைசியாக, இந்தத் திட்டத்துக்கு முன் துறை பரிசீலித்த வேறு யோசனைகள் எவை, அவை எந்தக் கோப்பில் இருக்கின்றன என்றும் கேளுங்கள்.